இரும்புச் சிங்கத்துக்கு மின்பல்

ஜப்பானின் டோமி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த பொம்மை வரிசை ஸாய்ட்ஸ். சிங்கம், ஓநாய், தேள், டைனோசர் என விலங்குகளின் உருவில் போர் இயந்திரங்கள். பிளாஸ்டிக் துண்டுகளைப் பசையே இல்லாமல் கோத்து, மூட்டுக்கு மூட்டு சின்ன ரப்பர் மூடிகளை மாட்டினால் உருவம் நிற்கும். உள்ளே இருக்கும், சாவியால் முறுக்கும் சுருள்வில்லோ பேட்டரி மோட்டாரோ அதை நடக்க வைக்கும். 1999-இல் அது கார்ட்டூன் தொடராகவும் ஆனது. கதை நடப்பது ஸி என்ற கற்பனைக் கிரகத்தில். அங்கே ஷீல்ட் லைகர் என்ற நீலச் சிங்கத்தின் எடை 92 டன், ஓட்டம் மணிக்கு 250 கிலோமீட்டர்.

இந்த உலகத்தில் ஆயுதம் கூட்டுவதற்கு முடிவே கிடையாது. லைகர் ஸீரோ என்ற சிங்கம் கவசத்தைக் கழற்றி வேறு கவசம் மாட்டிக்கொண்டு புதுப்புது அவதாரம் எடுக்கும். டெத் ஸாரர் என்ற ராட்சத டைனோசர், முதுகில் உள்ள விசிறியால் மின்னேற்றத் துகள்களை உறிஞ்சி வாய்வழியே பீய்ச்சும். அந்த விசிறிதான் அதன் பலவீனமும். பொம்மைகளுக்கும் கூடுதல் ஆயுதத் துண்டுகள் தனியே விற்பனைக்கு வந்தன. இப்படிப்பட்ட விளையாட்டில் எந்த ரசிகனுக்கும் சீக்கிரமே வந்துவிடும் ஆசை ஒன்று உண்டு: மின் அதிர்ச்சி ஆயுதம். சிங்கம் பாய்ந்து கவ்வ வேண்டும், பல்லிடையே நீல ஒளி தெறிக்க வேண்டும், எதிரி விறைத்துச் சாய வேண்டும்.

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். உண்மையில் இரும்பை ஷாக் அடித்து வீழ்த்த முடியுமா?

முதலில், ஷாக் என்பது நம்மை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் நரம்புகளில் ஓடும் செய்திகளே மின்துடிப்புகள்தாம். மூளை விரலுக்கு ‘மடங்கு’ என்று சொல்வது, நரம்புச் சவ்வின் இரு பக்கமும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்னழுத்தம் புரள்வதன் மூலம்தான். வெளியிலிருந்து மின்சாரம் பாயும்போது நரம்பு அதையும் கட்டளை என்றே எடுத்துக்கொள்கிறது. வீட்டு மின்சாரம் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் கைவழியே பாய்ந்தால் விரல்கள் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும், விட முடியாது. ‘கரண்ட் இழுத்துக்கொண்டது’ என்று நாம் சொல்வது இதைத்தான். இழுப்பது நம் தசையே. வீட்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைந்திருப்பது, மின்சாரம் இதயத் துடிப்பைக் குலைக்கும் முன் அதை நிறுத்தத்தான்.

காவல் துறைகள் பயன்படுத்தும் டேசர் துப்பாக்கியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஜாக் கவர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1970-களில் உருவாக்கிய கருவி அது. இரண்டு சிறு ஊசிகள் மெல்லிய கம்பிகளோடு பறந்துபோய்த் தைக்கும். இரண்டும் தைத்தால்தான் சுற்று முழுமையாகும். ஒன்று தவறினாலும் ஆள் சிரித்துக்கொண்டே நிற்பார். விளம்பரத்தில் சொல்லும் 50,000 வோல்ட், ஊசிக்கும் உடலுக்கும் இடையே உள்ள துணியையும் காற்றையும் தாண்டுவதற்குத்தான். உடலில் ஓடும் சராசரி மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர்களே. நொடிக்கு 19 துடிப்பு, 5 நொடி. அவ்வளவில் முழு ஆள் சரிந்துவிடுகிறார். தசையை யாரும் அடிக்கவில்லை. தசைக்குப் பொய்க் கட்டளை போயிருக்கிறது.

இந்தப் பொய்க் கட்டளையை மனிதனுக்கு முன்பே கச்சிதமாகக் கற்றுக்கொண்டது தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. பெயர்தான் விலாங்கு, உண்மையில் அது வேறு குடும்பம். உடலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மின்சாரம் செய்யும் உறுப்புகள். குடல், இதயம் எல்லாம் தலையை ஒட்டிய சிறு பகுதிக்குள் ஒதுங்கிக் கிடக்கின்றன. மின்னுறுப்பில் தட்டையான செல்கள் ஆயிரக்கணக்கில், டார்ச்சில் பேட்டரிக் கட்டைகளைப் போடுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல்லுக்கு 0.15 வோல்ட். கட்டளை வந்ததும் எல்லாம் ஒரே கணத்தில் திறந்துகொள்ள, தலை நேர்மின் முனையாகவும் வால் எதிர்மின் முனையாகவும் மாறும். கார்லோஸ் டேவிட் டி சந்தானா குழுவினர் 2019-இல் ஒரே இனம் என்று நம்பப்பட்ட மின்விலாங்கை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு மின்கலம் தந்த வோல்டாவின் பெயர். அது கொடுத்த அடி 860 வோல்ட். உயிரினம் ஒன்றில் அளந்த மிக உயர்ந்த மின்னழுத்தம் அதுதான்.

ஆனால் எனக்கு அந்த 860-ஐ விட வியப்பாக இருப்பது, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கென்னத் கட்டானியா செய்து பார்த்த ஒரு சோதனை. மூளை செயலிழக்கச் செய்த மீனை, விசையை அளக்கும் கருவியோடு கட்டி, விலாங்கின் தொட்டியில் மின்சாரத்தை விடும் ஒரு கூழ்த்தடுப்புக்குப் பின்னால் வைத்தார். விலாங்கு தடுப்புக்கு அந்தப் பக்கம் இரைக்காக மின்துடிப்பு விடும்போதெல்லாம் கருவியில் கட்டிய மீனின் தசை சுருங்கியது. துடிப்பு நின்ற கணமே தளர்ந்தது. அடுத்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை மறிக்கும் குராரே என்ற நஞ்சை மீனுக்குச் செலுத்தினார். இப்போது விலாங்கு எவ்வளவு அடித்தும் தசை அசையவில்லை. அதாவது, விலாங்கின் மின்சாரம் தசையை நேரடியாக மடக்குவதில்லை. நரம்பின் வழியாகத்தான் வேலை நடக்கிறது. செய்தி போகும் பாதை அடைபட்டால் ஆயுதமும் செத்துவிடுகிறது.

விலாங்கு அந்தப் பாதையை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறது பாருங்கள். செடிக்கு நடுவில் ஒளிந்திருக்கும் மீனைக் கண்டுபிடிக்க, அது இரண்டு அல்லது மூன்று துடிப்புகளை மட்டும் விட்டு நிறுத்தும். ஒளிந்த மீனின் உடல் தன்னிச்சையின்றி ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலால் நீரில் எழும் அசைவை விலாங்கு உணர்ந்துகொள்ளும். உடனே நொடிக்கு 400 வரை துடிப்புகளை அள்ளி வீசி இரையை விறைக்க வைத்து விழுங்கும். ஒளிந்தவனைக் கொண்டே அவன் இருப்பிடத்தைச் சொல்ல வைக்கும் உளவு வேலை இது. பெரிய இரை கிடைத்தால் இன்னொரு வித்தை: வாயில் கவ்விய இரையைச் சுற்றி உடலை வளைத்து வாலைத் தலைக்கு எதிரே கொண்டுவரும். இரண்டு முனைகளுக்கும் இடையே சிக்கிய இரைமீது மின்புலம் இரட்டிப்பாகும்.

கரையில் நிற்கும் ஆபத்தை அது எதிர்கொள்ளும் விதம் இன்னும் துணிச்சலானது. 1800-இல் வெனிசுலாவின் கலபோசோ ஊர்ப்பக்கம் போன அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், உள்ளூர் மீனவர்கள் குதிரைகளைக் குளத்தில் இறக்கிவிட, விலாங்குகள் மேலெழும்பி அவற்றின் வயிற்றில் தாக்கியதாக எழுதினார். இருநூறு ஆண்டுகளாகப் பலர் இதைக் கதை என்றே ஒதுக்கினார்கள். கட்டானியா உலோக விளிம்பு வைத்த வலையால் விலாங்கைப் பிடிக்கப் போனபோது, அது தண்ணீரிலிருந்து பாய்ந்து, மோவாயை விளிம்பில் அழுத்தி, துடிப்புகளை விட்டபடியே மேலே ஏறியது. தண்ணீருக்குள் இருக்கும்வரை மின்னோட்டத்தின் பெரும்பகுதி நீரில் சிதறிப்போகும். மேலே ஏற ஏற நீர்வழி குறுகி, எதிரியின் உடல்வழியே போகும் பங்கு கூடும். இதைக் காட்ட அவர் சிறு விளக்குகள் பதித்த ஒரு பொம்மை முதலைத் தலையை நீட்டினார். விலாங்கு ஏற ஏற விளக்குகள் பளிச்சிட்டன. 2017-இல் தன் கையையே நீட்டி அளந்தார். குட்டி விலாங்கே 40 முதல் 50 மில்லி ஆம்பியர் செலுத்தியது. ஆய்வாளர்கள் சில நேரம் நம் ரசிகர்களை விடத் தீவிரமானவர்கள்.

விலங்கு உருவில் ஷாக் அடிக்கும் இயந்திரம் செய்யும் யோசனையும் புதிதல்ல. லண்டனில் 1770-களிலேயே ஒருவர் அதைச் செய்து முடித்திருக்கிறார். ஹைட்ரஜனைக் கண்டறிந்த ஹென்றி கேவண்டிஷ்தான் அவர். ஆள் கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் சுபாவம். அப்போது ஜான் வால்ஷ் என்பவர் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரையில் மின்திருக்கை மீன்களைத் தொட்டுப் பார்த்து, அவை கொடுக்கும் அடி மின்சாரம்தான் என்று அறிவித்திருந்தார். இந்த வகைத் திருக்கைகள் நம் வங்கக் கடலிலும் உண்டு. வால்ஷ் சொன்னதைப் பலர் நம்பவில்லை. அவர்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது: மின்சாரம் என்றால் பொறி பறக்க வேண்டாமா? காற்றில் ஒரு சின்ன இடைவெளியைக்கூடத் தாண்டாத ஒன்று எப்படி மின்சாரம் ஆகும்?

கேவண்டிஷ் பதில் எழுதுவதற்கு முன் மீன் ஒன்று செய்தார். முதலில் மரத்தில். மரம் போதிய அளவு மின்சாரத்தைக் கடத்தவில்லை. பிறகு செருப்பு அடியில் வைக்கும் தடித்த தோலைத் திருக்கை வடிவில் வெட்டி, மின்னுறுப்பு இருக்கும் இடத்தில் மேலும் கீழும் மெல்லிய உலோகத் தகடு பொருத்தி, ஆட்டுத்தோல் போர்த்தி, உப்புநீரில் ஊற வைத்தார். கம்பிகளை 49 லெய்டன் ஜாடிகளோடு இணைத்தார். அந்தக் காலத்து மின்தேக்கிகள் அவை. வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை. ஜாடிகளில் அழுத்தத்தைக் குறைவாகவும் மின்னூட்டத்தை நிறையவும் ஏற்றினார். தோல் மீனை உப்புநீரில் வைத்துத் தொட்டவர்களுக்கு உண்மைத் திருக்கை தந்த அடியே கிடைத்தது, பொறி பறக்கவில்லை. 1775-இல் கேவண்டிஷ், உடற்கூறு மேதை ஜான் ஹன்டரும் வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லியும் உட்படச் சிலரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துத் தொடச் சொன்னார். கூட்டத்தைக் கண்டு ஒதுங்குகிறவர் கூட்டம் கூட்டியதிலிருந்தே, அந்தத் தோல் மீன் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது. வோல்ட், ஆம்பியர் என்ற சொற்களெல்லாம் பிறப்பதற்கு முன்னால், அழுத்தம் வேறு, ஓடும் அளவு வேறு என்று ஒரு பொம்மையைக் கொண்டு பிரித்துக் காட்டினார்.

இந்தப் பிரிவினையில்தான் நம் சிங்கத்தின் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆற்று நீரில் உப்பு குறைவு. மின்சாரம் எளிதில் ஓடாது. அதனால் விலாங்கு செல்களை நீள வரிசையாக அடுக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஓடும் மின்னோட்டம் சுமார் ஒரு ஆம்பியர்தான். கடல் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அங்கே உயர் அழுத்தம் வீண். திருக்கையின் உறுப்பில் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் தூண்களாக நிற்கின்றன. ஹன்டர் ஒரு பெரிய மீனின் ஒரே உறுப்பில் 1,182 தூண்களை எண்ணியிருக்கிறார். அழுத்தம் குறைவு, மின்னோட்டம் பல மடங்கு. எதிரி எந்த ஊடகத்தில் இருக்கிறானோ அதற்கேற்ப ஆயுதம். ஆற்றுக்கு வோல்ட், கடலுக்கு ஆம்பியர்.

இரும்பு? கடல் நீரை விடப் பல லட்சம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவது அது. ஒரு கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் நீளம், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பருமன் உள்ள எஃகுக் கட்டையை எடுத்துக்கொள்வோம். எடை 78 கிலோ போல் வரும். அதன் மின்தடை ஒரு ஓமில் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. இதன் வழியே 10,000 ஆம்பியர் செலுத்தினாலும் இரு முனைக்கும் இடையே விழும் அழுத்தம் 0.15 வோல்ட், அதாவது விலாங்கின் ஒரே ஒரு செல் அளவு. உண்டாகும் வெப்பம் 1,500 வாட், குளியலறை ஹீட்டர் ஒன்றின் அளவு. 92 டன் சிங்கம் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. 50,000 வோல்ட் கருவியை எஃகின் மேல் வைத்தால் எதுவும் நடக்காது. கருவியின் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று மட்டும் பொருள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரையாவது தாக்குமா? மைக்கேல் ஃபாரடே 1836-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பன்னிரண்டு அடிக் கனசதுரக் கூண்டு ஒன்றைக் கட்டி, செம்புக் கம்பியும் உலோகத் தாளும் சுற்றி, வெளியே பெரிய மின்னூட்டம் ஏற்றச் சொல்லி, தானே உள்ளே போய் நின்றார். நுட்பமான கருவிகளாலும் உள்ளே மின்சாரத்தைக் காண முடியவில்லை. மின்னூட்டம் கடத்தியின் வெளித்தோலிலேயே தங்கிவிடுகிறது. விமானங்கள் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னலால் தாக்கப்பட்டாலும் பயணிகள் பத்திரமாக இறங்குவது இதனால்தான். கார்பன் இழைக் கலவையில் உடல் செய்த போயிங் 787-க்கு, மின்னல் ஓடித் தப்பிக்க வழி வேண்டுமே என்று வெளித்தோலில் செம்பு வலையைப் பதித்திருக்கிறார்கள். இரும்புக் கவசம் போர்த்திய ஸாய்ட் என்பது கால் முளைத்த ஃபாரடே கூண்டு. மின்னல் விழுந்தால் அது தோலில் வழிந்து, காலில் இறங்கி, மண்ணுக்குப் போய்விடும்.

இன்னொரு வில்லங்கம், தலையில் கொம்பு வைத்து அதிலிருந்து நூறு மீட்டர் பாய்ச்சும் மின்னல் வீச்சு. உலர்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். அதை ஏற்றிக் கொம்பில் வைத்தால், எதிரியை விடப் பக்கத்தில் இருக்கும் சொந்தக் காதையோ தரையையோதான் அது தேடிப் போகும். 2021-இல் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலை உச்சியில் சக்திவாய்ந்த லேசரைக் காற்றில் பாய்ச்சி, உண்மையான மின்னலை 50 மீட்டர் தூரம் அந்த வழியே நடத்திக் காட்டினார்கள். ஆக, வழிகாட்ட ஒரு லேசரும் மேலே ஒரு இடிமேகமும் சேர்ந்தால் நடக்கும். போர்க்களத்தில் மேகத்துக்குக் காத்திருப்பது யார்?

சரி, ஆசையைக் கைவிட்டுவிடலாமா? வேண்டாம். இரும்பைக் கடிக்கும் மின்பல் ஏற்கெனவே உலகில் இருக்கிறது. சென்னையை ஒட்டிய கார் ஆலைகளில்கூட நாள் முழுதும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பாட் வெல்டிங் செய்யும் ரோபோக் கையைச் சொல்கிறேன். அதன் முனையில் இரண்டு செம்புத் தாடைகள். இரண்டு தகடுகளையும் சேர்த்து இரு பக்கத்திலிருந்தும் நறுக்கென்று கவ்வும். சில வோல்ட் மட்டும். ஆனால் 10,000 ஆம்பியர் அளவில் மின்னோட்டம், ஒரு நொடியில் சிறு பகுதி நேரத்துக்கு. தகடுகள் ஒன்றையொன்று தொடும் அந்தப் பொட்டிடத்தில் மட்டும் எஃகு உருகி ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள இரும்பு அவ்வளவு சூடாவதில்லை. தடை அதிகமாக இருக்கும் குறுகிய இடத்தில்தான் வெப்பம் குவியும் என்பது இதன் சூட்சுமம். தெருமுனை வெல்டிங் கடையில் 20, 30 வோல்ட்டில் கம்பி உருகுவதும் குறைந்த வோல்ட், நிறைய ஆம்பியர் என்ற கணக்குதான். வோல்ட் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

எனவே நான் சிங்கத்துக்குப் பல் வைப்பதென்றால், எதிரியின் மார்பைக் கவ்வச் சொல்ல மாட்டேன். முழங்காலைக் கவ்வச் சொல்வேன். ஓடும் எந்த இயந்திரத்திலும் மூட்டுக்குள் பேரிங் இருக்கும். பேரிங்கில் குண்டும் வளையமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஊசிமுனை அளவு. தொழிற்சாலைகளில் வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்த பெரிய மோட்டார்களில் தண்டு வழியே கசியும் சின்ன மின்னோட்டமே பேரிங் வளையத்தில் குழி குழியாகப் பொறித்துவிடுகிறது. சத்தம் கூடி, கடைசியில் சிக்கி நின்றுவிடும். அதைத் தவிர்க்கவே பீங்கான் குண்டு வைத்த பேரிங், தண்டை எர்த் செய்யும் பிரஷ் எல்லாம் மாட்டுகிறார்கள். கசிவே அப்படிச் செய்தால், மேல்தாடையை ஒரு முனையாகவும் கீழ்த்தாடையை மறு முனையாகவும் வைத்து, முழங்காலின் இரு பக்கமும் கவ்வி, பல்லாயிரம் ஆம்பியரை ஒரு கணம் விட்டால்? குண்டு வளையத்தோடு பற்றவைக்கப்படும். 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மிருகத்துக்கு ஒரு கால் மடங்காமல் போனால் மிச்ச வேலையை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். நீல ஒளி, இடிமுழக்கம் எதுவும் இருக்காது. கார்ட்டூன்காரர்கள் ஏமாந்துபோவார்கள்.

இதற்கு விலாங்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வளைந்து கவ்வும் பாணி: இரு முனைகளுக்கும் நடுவே இலக்கு இருக்க வேண்டும், மின்சாரத்துக்கு வேறு வழி இருக்கக் கூடாது. திருக்கையிடமிருந்து பக்கம் பக்கமாக அடுக்கும் மின்தேக்கி வரிசை. சொந்தத் தலைக்கும் தாடைக்கும் இடையே நல்ல காப்பு வேண்டும், இல்லாவிட்டால் எதிரியின் காலுக்கு முன் தன் கழுத்துப் பேரிங் ஒட்டிக்கொள்ளும். பொம்மையில் ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் மூடி வைத்த வடிவமைப்பாளர் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார். ஆனால் இடம் சரியான இடம்.

மின்னோட்டத்தால் உலோகத்தை அழிக்கலாம் என்பதை ராணுவப் பொறியாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், எதிர்த் திசையில். பிரிட்டன் 2002-இல் ‘மின்கவசம்’ ஒன்றைக் காட்டியது. வண்டியின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே காப்பு இடைவெளி, உள்ளே மின்தேக்கிகள். ஆர்.பி.ஜி. குண்டு வெடித்துப் பீய்ச்சும் செம்புக் கீற்று இரண்டு தகட்டையும் துளைத்து இணைக்கிற கணத்தில், பல்லாயிரம் ஆம்பியர் அந்தக் கீற்றின் வழியே பாய்ந்து அதைச் சிதறடித்துவிடும். கடிக்க வருபவனின் பல்லையே ஃபியூஸ் ஆக்கி எரிக்கும் தந்திரம். ஸாய்ட் உலகத்தில் மின்பல் வந்தால் மறுவாரமே மின்கவசமும் வரும் என்று எழுதித் தரலாம்.

இயந்திரத்தின் மூளையான கணினியைத் தாக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. இன்றைய சில்லுகளில் மின்காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர். நிலைமின் பொறியை நாம் உணரவே சுமார் மூவாயிரம் வோல்ட் வேண்டும், ஆனால் நூறு வோல்ட்டுக்கும் குறைவான பொறியிலேயே செத்துப்போகும் சில்லுகள் உண்டு. கவசத்தைத் துளைக்க வேண்டியதில்லை. கேமராக் கண், ஆன்டெனா, கேபிள் நுழையும் ஓட்டை எதுவும் போதும், நுண்ணலையாக உள்ளே போய்விடலாம். அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 2012-இல் சாம்ப் என்ற ஏவுகணை கட்டடங்களுக்கு மேலே பறந்து, குண்டு ஏதும் போடாமல் நுண்ணலையால் உள்ளிருந்த கணினிகளை அணைத்தது. ஆனால் அது தூரத்திலிருந்து அடிப்பது. பாய்ந்து கடிக்கும் சிங்கத்துக்கு அதில் என்ன பெருமை?

ஸாய்ட் கதையில் மட்டும் இருக்கும் சலுகை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மிருகங்கள் வெறும் இயந்திரங்கள் அல்ல. ஸி கிரகத்தின் உலோக உயிர்கள். ‘கோர்’ என்ற கரு உயிராக உள்ளே துடிக்கிறது, அதைச் சுற்றித்தான் கவசமும் பீரங்கியும். கோர் உயிர் என்றால் உடலெங்கும் ஏதோ ஒருவகை நரம்புச் செய்தி ஓடியே ஆக வேண்டும். அப்படியானால் விலாங்கின் வழியும் திறக்கிறது. அதற்கு மூர்க்கமான மின்சாரம் தேவையில்லை. எந்த அலைவரிசையில், எந்த இடைவெளியில் துடித்தால் அந்த நரம்பு அதைத் தன் எசமானின் கட்டளை என்று நம்பும் என்பது தெரிந்தால் போதும். இந்த ஆயுதத்தைக் கதையில் எழுதுகிறவர் வோல்ட் எண்ணுக்குப் பின்னால் சுழியங்களைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, கட்டானியாவின் குராரே சோதனையைப் படித்தால் நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

கற்பனையை விட்டு உண்மை அரங்குக்கு வந்தால் காட்சி வேறு. பிரிட்டனின் ரோபோ வார்ஸ், அமெரிக்காவின் பேட்டில்பாட்ஸ் போன்ற நிகழ்ச்சிகளால் பரவிய ரோபோச் சண்டை இன்று நம் பொறியியல் கல்லூரி விழாக்களிலும் நடக்கிறது. சுழலும் எஃகு உருளைகள், கவிழ்த்துப் போடும் தூக்கிகள், சில போட்டிகளில் தீப்பிழம்புகூட அனுமதி. ஆனால் பரவலாகப் பின்பற்றப்படும் விதிப்புத்தகங்களில் டெஸ்லா சுருள், ஷாக் துப்பாக்கி என மின்சாரத்தை ஆயுதமாக்கும் எதற்கும் இடமில்லை. எதிரியின் ரேடியோவை மறிக்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சேதம் செய்யும் ஆயுதம் கூடாது என்பதே விதி. அது பாதுகாப்புக்கும் நல்லது: சுழலும் உருளை நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்து அரங்குக்குள் இறங்கலாம், மின்தேக்கி காலியாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாமான்களை நோக்கிக் கை நீட்டும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிலிம் கேமராவின் ஃபிளாஷ் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கியில் 2,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லப் போதுமானது. உங்கள் சிங்கத்துக்கு மோட்டார் மாற்றுங்கள், கவசம் மாற்றுங்கள், தாடையில் நீல எல்.இ.டி. வையுங்கள். அந்த இரண்டு பெட்டிகளை மட்டும் திறக்காதீர்கள்.